இலங்கையின் ராணி முதல் மான் தீவின் பிரபு வரை: பிரிட்டிஷ் அரச பட்டங்கள் பற்றி உங்கள் கேள்விகள்

பிரிட்டிஷ் மன்னரின் பட்டங்கள், விருதுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டங்கள் எல்லாம் பழங்காலத்தில் இருந்து தானாக வந்து சேர்ந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அநேகமாக ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தேதி உண்டு. ஒரு சட்டமோ, சாசனமோ, பேசி முடித்த உடன்படிக்கையோ உண்டு. அதைத் தேடிப் பிடித்துவிட்டால் பட்டம் எதற்காக இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

கேள்வி: மன்னர் சார்லஸின் முழுப் பட்டம் என்ன? எல்லா நாடுகளிலும் ஒன்றுதானா?

பதில்: பிரிட்டனில் அவருடைய பட்டத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மூன்றாம் சார்லஸ், இறையருளால் கிரேட் பிரிட்டன், வட அயர்லாந்து ஐக்கிய முடியரசுக்கும் தமது பிற நாடுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் மன்னர், காமன்வெல்த் தலைவர், விசுவாசத்தின் காவலர். 2022 செப்டம்பர் 8-ல் தாயார் இறந்த கணத்திலேயே அவர் மன்னர். செப்டம்பர் 10-ல் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் நடந்தது அதன் அறிவிப்பு மட்டும். 2023 மே 6-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த முடிசூட்டு விழா ஒரு சமயச் சடங்கு. பட்டம் இந்த இரண்டுக்கும் காத்திருக்கவில்லை.

எல்லா நாடுகளிலும் இது ஒன்றல்ல. இன்று பிரிட்டனோடு சேர்த்து 15 நாடுகளுக்கு அவர் மன்னர். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மன்னர். 1952 வரை எல்லா நாடுகளுக்கும் ஒரே பட்டம்தான் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் லண்டனில் கூடிய பிரதமர்கள், அவரவர் நாட்டுக்குப் பொருந்தும்படி பட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். 1953-ல் ஒவ்வொரு நாடும் அதற்கு வழிசெய்தது. அப்புறம் மெல்ல மெல்ல வேறுபாடு கூடியது. ஆஸ்திரேலியா 1973-ல் பிரிட்டனின் பெயரையும் 'விசுவாசத்தின் காவலர்' என்பதையும் தன் பட்டத்தில் இருந்து எடுத்துவிட்டது. நியூசிலாந்து 1974-ல் பிரிட்டனின் பெயரை எடுத்தது, காவலரை வைத்துக்கொண்டது. கனடா 2023-ல் சட்டம் போட்டு, 2024 ஜனவரியில் புதிய பட்டத்தை அறிவித்தது. இப்போது அங்கே அவர் 'கனடாவுக்கும் தமது பிற நாடுகளுக்கும் மன்னர்'. பப்புவா நியூ கினியின் பட்டத்தில் 'இறையருளால்' என்பதே கிடையாது.

அதனால் அவரை 'இங்கிலாந்து மன்னர்' என்று நாம் பழக்கத்தில் சொல்வது சட்டப்படி சரியில்லை. அப்படி ஒரு பட்டம் 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தபோதே முடிந்துவிட்டது.

கேள்வி: எலிசபெத் ராணி 'இலங்கையின் ராணி' என்று அழைக்கப்பட்டதாக என் தாத்தா சொல்வார். உண்மையா? இலங்கை 1948-லேயே சுதந்திரம் பெற்றுவிட்டதே?

பதில்: தாத்தா சொன்னது முழுக்க உண்மை. 1948 பிப்ரவரி 4-ல் இலங்கை பெற்றது டொமினியன் அந்தஸ்து. ஆட்சி இலங்கையரின் கையில். ஆனால் நாட்டின் தலைவர் மன்னர். அவருக்குப் பதிலாகக் கொழும்பில் மகாதேசாதிபதி இருந்தார். 1952 பிப்ரவரி 6-ல் ஆறாம் ஜார்ஜ் இறந்ததும் எலிசபெத் அந்த இடத்துக்கு வந்தார்.

1953-ல் இலங்கை தனக்கென்று தேர்ந்துகொண்ட வாசகம்: இரண்டாம் எலிசபெத், இலங்கைக்கும் தமது பிற நாடுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் ராணி, காமன்வெல்த் தலைவர். இதில் என்ன இல்லை என்று பாருங்கள். 'இறையருளால்' இல்லை, 'விசுவாசத்தின் காவலர்' இல்லை, பிரிட்டனின் பெயரும் இல்லை. பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டில் ஒரு கிறிஸ்தவ அடைமொழிக்கு இடம் ஏது? பாகிஸ்தானும் தென்னாப்பிரிக்காவும் அந்த இரண்டு சமயத் தொடர்களையும் விட்டுவிட்டன. கனடா எழுபது ஆண்டு கழித்து நீக்கிய 'காவலர்', இலங்கையின் பட்டத்தில் தொடக்கத்திலேயே கிடையாது. இதை நம்மவர்கள் போதுமான அளவு கவனித்ததில்லை என்பது என் ஆதங்கம்.

அந்தப் பட்டம் வெறும் காகிதத்தில் இருக்கவில்லை. குற்ற வழக்குகள் ராணியின் பெயரில்தான் நடந்தன. அந்தக் காலத்து இலங்கைத் தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டினால் வழக்குத் தலைப்புகளில் ராணி ஒரு தரப்பாக நிற்பதைப் பார்க்கலாம். 1954 ஏப்ரலில் அவர் இலங்கைக்கு வந்து, தன் முடிசூட்டு உடையையே அணிந்துகொண்டு நாடாளுமன்றக் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த உடையில் ஒவ்வொரு நாட்டின் தாவரச் சின்னமும் தைக்கப்பட்டிருந்தது, இலங்கைக்குத் தாமரை.

1972 மே 22-ல் குடியரசு அரசியலமைப்பு வந்ததும் இலங்கை ராணி என்ற பட்டம் முடிந்தது. அதுவரை மகாதேசாதிபதியாக இருந்த வில்லியம் கோபல்லாவ அன்றே முதல் ஜனாதிபதியானார். 1981 அக்டோபரில் எலிசபெத் மறுபடி இலங்கைக்கு வந்தபோது அவர் பிரிட்டனின் ராணி, காமன்வெல்த் தலைவர். இலங்கைக்கு அவர் விருந்தாளி.

கேள்வி: 'இந்தியாவின் பேரரசர்' என்ற பட்டம் எப்போது ஒழிந்தது? 1947 ஆகஸ்ட் 15 அன்றா?

பதில்: தேதி அவ்வளவு எளிதில்லை. தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

1876-ல் பிரதமர் டிஸ்ரேலி, அரச பட்டங்கள் சட்டத்தை நிறைவேற்றினார். விக்டோரியாவுக்கு அந்தப் பட்டத்தில் தீராத ஆசை. ரஷ்யாவில் ஒரு பேரரசர் இருந்தார். ஜெர்மனியிலும் ஒருவர் வந்துவிட்டார், அந்த வீட்டில்தான் விக்டோரியாவின் மூத்த மகள் மருமகளாக வாழ்ந்தாள். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. பேரரசர் என்ற சொல் பிரிட்டிஷ் மரபுக்கு ஆகாது என்றார்கள். பிரிட்டனுக்குள் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் சட்டம் நிறைவேறியது.

1877 ஜனவரி 1-ல் டெல்லி தர்பாரில் வைஸ்ராய் லிட்டன் பிரபு அதை அறிவித்தார். விக்டோரியா வரவில்லை. அதே நாட்களில் சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தில் துடித்துக்கொண்டிருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஊர்களில் இன்றும் சொல்கிறார்களே, அதுதான். யானைகளும் பட்டும் ராஜாக்களுமாக டெல்லியில் விழா நடந்தபோது இங்கே மக்கள் கஞ்சித் தொட்டிகளைத் தேடி நடந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பட்டத்தின் பிறப்பைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது.

சரி, முடிவுக்கு வருவோம். 1947-ன் இந்திய சுதந்திரச் சட்டமே, பேரரசர் பட்டத்தை நீக்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சம்மதிக்கிறது என்று சொல்லிவிட்டது. ஆனால் 1931-ன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின் முகவுரைப்படி, அரச பட்டத்தை மாற்றுவதற்கு டொமினியன் நாடாளுமன்றங்களின் சம்மதமும் தேவை. அதனால் முறையான பிரகடனம் 1948 ஜூன் 22-ல்தான் வந்தது. மன்னரின் கையெழுத்து அதற்கு முன்பே மாறிவிட்டது. ஆறாம் ஜார்ஜ் 'ஜார்ஜ் ஆர் ஐ' என்று போடுவார். ஆர் என்றால் ரெக்ஸ், அரசர். ஐ என்றால் இம்பெரேட்டர், பேரரசர். 1947 ஆகஸ்டில் தன் தாய் மேரி ராணிக்கு எழுதிய கடிதத்தில் அவர் முதல் முறையாக 'ஐ' போடவில்லை. அதைக் கவனித்த தாய், உறையின் பின்புறத்தில் வருத்தத்தோடு குறித்து வைத்தார். 1949 முதல் பிரிட்டிஷ் நாணயங்களில் இருந்தும் பேரரசரைக் குறிக்கும் எழுத்துகள் மறைந்தன.

பேரரசர் பட்டம் போன பிறகும் ஜார்ஜ் இந்தியாவுக்கு மன்னராக இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டொமினியன் இந்தியாவின் மன்னர் பதவி முடிந்தது 1950 ஜனவரி 26 அன்று.

கேள்வி: இந்தியா குடியரசு ஆனபின்னும் காமன்வெல்த்தில் இருக்கிறது. அப்படியென்றால் சார்லஸ் நமக்கு எந்த வகையிலாவது தலைவரா?

பதில்: காமன்வெல்த்துக்கு அவர் தலைவர், இந்தியாவுக்கு இல்லை. அந்தப் பட்டமே இந்தியாவுக்காக உருவாக்கப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. 1949 ஏப்ரல் லண்டன் பிரகடனத்துக்கு முன்பு, காமன்வெல்த்தில் இருக்க வேண்டுமானால் மன்னருக்கு விசுவாசம் கட்டாயம். குடியரசாகப் போவதில் நேரு உறுதியாக இருந்தார். உறுப்பினராகத் தொடரவும் விரும்பினார். வி.கே. கிருஷ்ண மேனன் உள்ளிட்டோர் பல வாசகங்களை எழுதிப் பார்த்தார்கள். கடைசியில், சுதந்திர நாடுகள் விரும்பிச் சேர்ந்திருப்பதன் அடையாளமாக மன்னரை ஏற்கிறோம், அந்த வகையில் அவர் காமன்வெல்த் தலைவர் என்று முடித்தார்கள். அதிகாரம் எதுவும் இல்லாத பட்டம். ஒரு நாடு முடியாட்சியை உதறிவிட்டும் நட்பில் நீடிக்கலாம் என்பதற்கு அது வழி திறந்தது. இன்று 56 உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவை குடியரசுகள். என் பார்வையில், மன்னரின் பட்டங்களிலேயே அறிவுக்கூர்மையோடு செய்யப்பட்டது இதுதான்.

இது வாரிசுப் பட்டமும் இல்லை. எலிசபெத்துக்குப் பிறகு சார்லஸ் என்று 2018 ஏப்ரலில் உறுப்பு நாடுகளின் தலைவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். சார்லஸுக்குப் பிறகு யார் என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: 'விசுவாசத்தின் காவலர்' என்பது போப் கொடுத்த பட்டமாமே? புராட்டஸ்டன்ட் மன்னர் அதை ஏன் வைத்திருக்கிறார்?

பதில்: 1521-ல் எட்டாம் ஹென்றி, புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரை மறுத்து, கத்தோலிக்கரின் ஏழு அருட்சாதனங்களை (சமயச் சடங்குகளை) ஆதரித்து லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். மகிழ்ந்துபோன போப் பத்தாம் லியோ இந்தப் பட்டத்தைக் கொடுத்தார். பிறகு ஹென்றி ரோமோடு உறவை முறித்தார். ரோம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஹென்றி விடவில்லை. 1540-களில் ஆங்கிலேய நாடாளுமன்றம் அதே பட்டத்தைச் சட்டமாக்கி அவருக்குக் கொடுத்தது. ஆகவே சார்லஸ் வைத்திருப்பது நாடாளுமன்றம் தந்த பட்டம். அது குறிக்கும் விசுவாசம் ஆங்கிலிக்கன் திருச்சபையுடையது.

பிரிட்டிஷ் நாணயம் ஒன்று கையில் கிடைத்தால் பாருங்கள். சார்லஸின் பெயருக்குப் பின் 'டி ஜி ரெக்ஸ் எஃப் டி' என்று இருக்கும். டி ஜி என்பது இறையருளால், எஃப் டி என்பது விசுவாசத்தின் காவலர். 1849-ல் வெளியிட்ட ஃபுளோரின் நாணயத்தில் இந்த இரண்டும் விடுபட்டுப் போயின. மக்கள் கொதித்துப்போய் அதைக் 'கடவுளற்ற ஃபுளோரின்' என்றே அழைத்தார்கள். 1851-ன் புதிய வடிவத்தில் எழுத்துகள் திரும்பி வந்தன.

இளவரசராக இருந்தபோது, 1994-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஒரு குறிப்பிட்ட சமயத்துக்கு மட்டும் என்றில்லாமல் பொதுவாகச் சமய நம்பிக்கைக்கே காவலராக இருக்க விரும்புவதாகச் சார்லஸ் சொன்னார். பெரிய விவாதம் எழுந்தது. மன்னரானபோது பட்டத்தின் வாசகம் மாறவில்லை.

கேள்வி: ஸ்காட்லாந்தில் எலிசபெத்தை 'இரண்டாம்' என்று சொல்வதை எதிர்த்தார்களாமே?

பதில்: ஆமாம், குண்டு வைக்கும் அளவுக்கு எதிர்த்தார்கள். முதலாம் எலிசபெத் இங்கிலாந்துக்கு மட்டும் ராணி. ஸ்காட்லாந்தை அவர் ஆண்டதே இல்லை. முதலாமவர் இல்லாத இடத்தில் இரண்டாமவர் எப்படி என்று கேட்டார்கள். எடின்பரோவின் இன்ச் பகுதியில் 'இ II ஆர்' முத்திரையோடு வைத்த தபால் பெட்டியை முதலில் சேதப்படுத்தினார்கள், 1953 பிப்ரவரியில் வெடிவைத்தே தகர்த்தார்கள். வழக்கும் நடந்தது, எண்ணைத் தேர்வது அரச தனியுரிமை என்று சொல்லி ஸ்காட்லாந்து நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருந்தாலும் அரசு பாடம் கற்றது. அதற்குப்பின் ஸ்காட்லாந்துத் தபால் பெட்டிகளில் எண் இல்லாமல் ஸ்காட்லாந்து மகுடம் மட்டும் வந்தது. இரு நாடுகளின் வரிசையிலும் எது பெரிய எண்ணோ அதை இனி வைத்துக்கொள்ளலாம் என்றார் சர்ச்சில். சார்லஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. முதல் இரு சார்லஸ்களும் இரண்டு நாடுகளையும் ஆண்டவர்கள்.

கேள்வி: சார்லஸின் மனைவி கமிலா ராணி ஆகிறார், எலிசபெத்தின் கணவர் பிலிப் மட்டும் ஏன் மன்னர் ஆகவில்லை?

பதில்: கணவரின் அந்தஸ்து மனைவிக்குப் போகும், மனைவியுடையது கணவருக்கு வராது என்பது பழைய மரபு. ஆண்-பெண் பேதம்தான், வேறு காரணம் தேட வேண்டாம். பிலிப் 1947-ல் எடின்பரோ கோமகன் ஆனார்; பிரிட்டிஷ் இளவரசர் என்ற பட்டம் 1957-ல்தான் மனைவியிடமிருந்து வந்தது. கமிலாவை ராணியாக அழைக்க வேண்டும் என்ற விருப்பத்தை எலிசபெத்தே 2022 பிப்ரவரியில் வெளியிட்டார்.

கேள்வி: மன்னர் நினைத்தால் யாருக்கு வேண்டுமானாலும் 'சர்' பட்டம் கொடுக்க முடியுமா? நம் ஊர்க்காரர்கள் யாராவது உயர்ந்த விருது பெற்றிருக்கிறார்களா?

பதில்: பெரும்பாலான விருதுகள் மன்னரின் பெயரில் போகும், தேர்வு அரசின் ஆலோசனைப்படி நடக்கும். மன்னர் சொந்தமாகத் தேர்ந்து கொடுப்பவை சிலவே: 1348-ல் மூன்றாம் எட்வர்டு தொடங்கிய கார்ட்டர், ஸ்காட்லாந்தின் திசில், 1896-ல் வந்த ராயல் விக்டோரியன் ஆர்டர், 1902-ல் ஏழாம் எட்வர்டு ஏற்படுத்திய ஆர்டர் ஆஃப் மெரிட். கார்ட்டரும் திசிலும் ஒரு காலத்தில் பிரதமரின் பிடிக்குப் போயிருந்தன. 1946-ல் அட்லி ஒப்புக்கொண்டபின் மன்னரிடம் திரும்பின.

இவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது ஆர்டர் ஆஃப் மெரிட். ஒரே நேரத்தில் 24 பேருக்கு மேல் இருக்க முடியாது. கலை, அறிவியல், பொதுவாழ்வில் உச்சம் தொட்டவர்களுக்கு மட்டும். 'சர்' எல்லாம் இதனோடு வராது. 2022 நவம்பரில் சார்லஸ் ஆட்சியில் அறிவித்த முதல் தொகுதியில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இருந்தார். தேர்வை எலிசபெத் தன் கடைசி நாட்களில் செய்துவிட்டிருந்தார். அதற்கு வெகுகாலம் முன்பு, 1963-ல், குடியரசுத் தலைவராக இருந்த திருத்தணி எஸ். ராதாகிருஷ்ணன் கௌரவ உறுப்பினராக இதைப் பெற்றார்.

வெளிநாட்டவருக்குக் கொடுப்பதெல்லாம் கௌரவ விருது. 'சர்' சேர்த்துக்கொள்ள முடியாது. ரத்தன் டாடா 2014-ல் பிரிட்டிஷ் எம்பயர் ஆர்டரின் மிக உயர்ந்த படியைப் பெற்றார், ஆனால் 'சர் ரத்தன்' ஆகவில்லை. நம் அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவும் இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டுப் பட்டம் ஏற்பதைத் தடுக்கிறது. சர் சி.வி. ராமன் என்று படிக்கிறோமே என்றால், அது 1929-ல் கொடுத்தது.

கேள்வி: 'இந்திய நட்சத்திரம்' போன்ற பழைய விருதுகள் இன்னும் இருக்கின்றனவா?

பதில்: சட்டப்படி ஒழிக்கவில்லை, தூங்குகின்றன. 1861-ல் தொடங்கிய இந்திய நட்சத்திர ஆர்டருக்கும் 1878-ல் வந்த இந்தியப் பேரரசு ஆர்டருக்கும் 1948-க்குப் பிறகு யாரையும் நியமிக்கவில்லை. நட்சத்திரத்தின் கடைசி நைட்டாக இருந்த ஆல்வார் மகாராஜா தேஜ் சிங் 2009-ல் மறைந்தார்.

கேள்வி: கொடுத்த பட்டத்தைத் திரும்பப் பறிக்க முடியுமா?

பதில்: எந்தப் பட்டம் என்பதைப் பொறுத்தது. 'இளவரசர்', 'ஹிஸ் ராயல் ஹைனஸ்' போன்றவை மன்னரின் சாசனத்தால் வருபவை, சாசனத்தாலேயே போகும். 1917-ல் ஐந்தாம் ஜார்ஜ் அப்படி ஒரு சாசனம் வெளியிட்டு, யார் யார் இளவரசர் என்பதைச் சுருக்கினார். 1937-ல் முடிதுறந்த எட்டாம் எட்வர்டுக்கு ஹைனஸ் உண்டு, அவர் மனைவிக்குக் கிடையாது என்று எழுதினார்கள். 1996-ல் விவாகரத்தான மருமகள்களுக்கு அது போகும் என்ற சாசனத்தால் டயானா அதை இழந்தார்.

கோமகன் பட்டம் வேறு வகை. அதை முற்றாகப் பறிக்க நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். முதல் உலகப்போரில் எதிரி பக்கம் நின்றவர்களுக்காக 1917-ல் ஒரு சட்டம் போட்டு, 1919-ல் கம்பர்லாந்து கோமகன் உள்ளிட்ட சிலரின் பட்டங்களைப் பறித்தார்கள். 2025 இலையுதிர்காலத்தில் சார்லஸ் தன் தம்பி ஆண்ட்ரூவின் இளவரசர் பட்டத்தைச் சாசனத்தால் நீக்கினார். யார்க் கோமகன் விஷயத்தில், பிரபுக்கள் பதிவேட்டில் இருந்து பெயரை எடுத்தார்கள். பதிவேட்டில் இல்லாதவரை அரசு ஆவணங்கள் அந்தப் பட்டத்தால் குறிப்பிடாது. இப்போது அவர் ஆண்ட்ரூ மவுண்ட்பேட்டன் விண்ட்சர். எப்ஸ்டீன் பாலியல் குற்ற விவகாரத்தில் ஆண்ட்ரூமீது எழுந்த (அவர் மறுக்கும்) குற்றச்சாட்டுகளின் தீவிரத்தைப் பார்க்கும்போது இந்த நடவடிக்கை பல ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: மன்னருக்கு வேறு சின்னப் பட்டங்களும் உண்டா?

பதில்: உண்டு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையில் உள்ள மான் தீவில் (Isle of Man) அவர் 'மான் பிரபு'. அந்த உரிமையைப் பிரிட்டிஷ் அரசு 1765-ல் அத்தோல் கோமகன் குடும்பத்திடம் விலைகொடுத்து வாங்கியது. லங்காஷயரில் விருந்தில் கோப்பை உயர்த்தும்போது 'மன்னர், லங்காஸ்டர் கோமகன்' என்பார்கள். அந்தக் கோமகன் பட்டத்துக்குரிய எஸ்டேட் 1399-ல் நான்காம் ஹென்றி காலத்தில் இருந்து முடியோடு இருக்கிறது; அதன் வருமானம் இன்றும் மன்னருக்குத்தான். நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருந்து போனது 'பிரான்சின் மன்னர்': 1340-ல் மூன்றாம் எட்வர்டு உரிமை கொண்டாடியது, 1801-ல் அயர்லாந்து இணைந்தபோதுதான் பட்டியலில் இருந்து நீங்கியது.

கேள்வி: நேரில் சந்தித்தால் எப்படி அழைக்க வேண்டும்? வணங்கியே ஆக வேண்டுமா?

பதில்: முதல் முறை 'யுவர் மெஜஸ்டி', அதற்குப்பின் 'சர்'. ராணியிடம் இரண்டாம் முறை முதல் 'மேம்' (ma'am), ஆங்கில 'jam' போல ஒலிக்கும். ஆண்கள் தலையைச் சற்றுத் தாழ்த்துவதும் பெண்கள் முழங்காலை லேசாக மடக்குவதும் வழக்கம். கட்டாயம் எதுவும் இல்லை என்று அரண்மனையே சொல்கிறது, கைகுலுக்கினால் போதும்.